12 ரூபாய் டீயை ஜிபேயில் கேட்கலாமா? கூட்டுச் செலவும் சேக்காளிகளும்

தோணித்துறை (இழையைத் தொடங்கியவர்)

சேக்காளிகள் (நண்பர்கள்) நாலைந்து பேர் சேர்ந்து டீ, பரோட்டா, பெட்ரோல் என்று செலவு செய்கிறோம். ஒருத்தர் கடையில் ஸ்கேன் பண்ணிக் கொடுத்துவிடுகிறார். ராத்திரி வாட்ஸாப் குரூப்பில் "தலைக்கு 37 ரூபாய் 50 பைசா" என்று வந்து விழுகிறது. கேட்டவர் கஞ்சன் என்று பெயர் வாங்குகிறார். கேட்காதவர் உள்ளுக்குள் புழுங்குகிறார். "இன்னைக்கு நீ, நாளைக்கு நான்" என்று ஓடிக்கொண்டிருந்த பழக்கம் இப்போது பைசாக் கணக்கில் வந்து நிற்கிறது.

எஸ்.பி.பட்டினத்திலிருந்து மூக்கையூர் வரை நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்தில் ஒரே சேக்காளிக் கூட்டத்துக்குள் கடலுக்குப் போகிறவர், வளைகுடாவில் இருந்து லீவில் வந்தவர், அரசுச் சம்பளக்காரர், வேலை தேடிக்கொண்டிருப்பவர் எல்லாரும் இருப்பார்கள். எந்தச் செலவை ஆப்பில் பிரிக்கலாம், எதை விட்டுவிட வேண்டும், எப்படிப் பிரித்தால் மனஸ்தாபம் வராது? வழிமுறையோடு எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், யாரையும் குத்திக்காட்டவும் வேண்டாம்.


கணக்குப்பிள்ளை

அண்ணே, ஆப் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். பாதிச் சண்டை அங்கேதான் முளைக்கிறது.

ஜிபேயில் சேக்காளி பெயரைத் தொட்டால் வாட்ஸாப் அரட்டை மாதிரி ஒரு பக்கம் திறக்கும். நீங்கள் அனுப்பியது ஒரு ஓரம், அவர் அனுப்பியது மறு ஓரம். 40, 85, 120 என்று கட்டம் கட்டமாக நிற்கும். ஆனால் ஓட்டலில் அவர் ஸ்கேன் பண்ணிக் கொடுத்த 700 ரூபாய் அந்தப் பக்கத்தில் வராது, அது ஓட்டல்காரர் பெயரின் கீழ் போய்விடும். எப்போதும் முன்னால் நின்று பில் கட்டுகிறவர் பெயரைத் திறந்தால், அவருக்கு மற்றவர்கள் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தது மட்டும்தான் தெரியும். அவர் கையை விட்டுப் போனது தெரியாது. ரொக்கமாகக் கொடுத்தது தெரியாது. அவர் வீட்டில் சாப்பிட்ட நண்டுக் குழம்பும் தெரியாது. ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறவருக்கு, "இவனுக்கு இவ்வளவா அனுப்பியிருக்கோம்!" என்று தோன்றும். அது முழுக் கணக்கே இல்லை. அந்தப் பக்கத்தை வைத்து யாரையும் எடை போடக் கூடாது.

அடுத்து, செலவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்துப் போகிற செலவு ஒன்று, பங்கு போடுகிற செலவு ஒன்று. தலைக்கு 50 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது நடக்க வேண்டும், பெரும்பாலும் அதே ஆட்களாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் முறை. டீ, வடை, நுங்கு, சர்பத் எல்லாம் இதில் வரும். இவற்றை ஆப்பில் ஏற்றவே கூடாது. மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பங்கு. பெட்ரோல், பிரியாணி, வேன் வாடகை, பிறந்தநாள் கேக் இதில் வரும். இதில் கூச்சமே படாமல், அன்றைக்கே கணக்கு முடித்துவிட வேண்டும்.

கல்யாணம், காதுகுத்துக்குச் செய்யும் செய்முறையை இதோடு குழப்ப வேண்டாம். அது மொய் நோட்டில் எழுதி, அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது திருப்பிச் செய்வது. அதற்கு வருஷக்கணக்கில் தவணை உண்டு. பெட்ரோல் காசுக்கு அப்படித் தவணை கிடையாது.


கருவேலங்காடு

டீக்கு முறை என்பதை முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஐந்து பேர் குடித்தால் 60 ரூபாய். ஒருத்தர் முறையில் வெறும் டீ, அடுத்தவர் முறையில் டீயோடு பஜ்ஜியும் சேர்ந்து 150 ரூபாய். கையில் காசு குறைவாக இருக்கிறவருக்கு, நம்ம முறை என்றைக்கு வந்து மாட்டுமோ என்ற பயம் இருக்கும். அந்த நாளில் வராமல் ஒதுங்கிவிடுவார். அவருக்கு 12 ரூபாயைத் துல்லியமாகக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நிற்பதுதான் நிம்மதி. பைசாக் கணக்கு பார்ப்பது எல்லாருக்கும் கஞ்சத்தனம் ஆகாது, சிலருக்கு அது மானம்.


கணக்குப்பிள்ளை

நியாயமான பேச்சு. அதையும் சேர்த்துக்கொள்வோம்: முறை என்பது டீக்கு மட்டும். மேலே யார் எது கேட்டாலும் அதற்கான காசை அவரவரே அங்கேயே கடைக்காரருக்குக் கொடுத்துவிடுவது. கடையில் கியூஆர் அட்டை தொங்கும்போது இது ஒரு நிமிஷ வேலை. ஒருத்தர் முறை வந்த நாளில் அவரிடம் காசு இல்லை என்று தெரிந்தால், பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட வேண்டும். அதைக் குறித்துவைக்கக் கூடாது.


பாம்பன் கரை

கடல்ல இதுக்கு ஏற்கெனவே வழி இருக்கு. மீன் வித்த காசுல முதல்ல டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் கழியும். மிச்சத்தைத்தான் படகுக்கு, வலைக்கு, ஆளுக்குன்னு பங்கு வைப்பாங்க. எத்தனை பங்கு யாருக்குன்றது ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். ஆனா ரெண்டு விஷயம் எங்கேயும் மாறாது. பொதுச் செலவு பங்குக்கு முன்னாடியே கழியணும். கணக்கை எல்லாரும் கூடி நிக்கும்போதே சொல்லணும். டூருக்குப் போற சேக்காளிகளும் இதையே பிடிச்சுக்கலாம்.

பங்குக் காசு ஜிபேக்கு மாறினதுல எங்க இடிக்குதுன்னு சொல்றேன். வியாபாரி படகுக்காரர் கணக்குக்கு அனுப்பிடுறார். பங்கு ராத்திரி தனித்தனியா வருது. மீன் என்ன விலைக்குப் போச்சு, டீசலுக்கு எவ்வளவு கழிஞ்சதுன்னு ஆளுக்குத் தெரியாது, வந்த தொகை மட்டும்தான் தெரியும். முன்னாடி கரையில வச்சு எண்ணிக் கொடுத்தப்ப சந்தேகம் வந்தா அங்கேயே வாயைத் திறந்து கேட்டுருவான். இப்ப ஒண்ணும் கேட்காம மனசுல வச்சுக்கிறான். அதனால பங்கு அனுப்புறதுக்கு முன்னாடி, விற்பனைச் சீட்டையும் செலவுச் சீட்டையும் போட்டோ எடுத்து குரூப்ல போட்டுரணும். காசு அதுக்கு அப்புறம்தான்.

இன்னொண்ணு, கைமாத்தா வாங்கின 200 ரூபாயைப் பங்குல கழிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்பக் கூடாது. 1500 பங்குன்னா 1500 முழுசா அனுப்புங்க. கைமாத்தை அவன் தனியாத் திருப்பித் தரட்டும். கழிச்சு அனுப்புனா வீட்டுல "என்ன 1300தான் வந்திருக்கு"ன்னு கேள்வி வரும். பல பேர் பணம் வாங்கக் கொடுக்கிற நம்பர் சம்சாரத்தோடதாவோ அண்ணனோடதாவோ இருக்கும், குறுஞ்செய்தி அவங்களுக்குத்தான் போகும். அனுப்புறப்ப திரையில வேற பேர் காட்டுனா அப்படியே நிறுத்திட்டு, "இந்தப் பேர்தானா"ன்னு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு அனுப்புங்க.


ஏர்வாடி வாசகி

பாம்பன் கரை அண்ணன் சொன்னதை டூருக்குப் பொருத்திப் பார்க்கலாம். ராமநாதபுரத்திலிருந்து ஐந்து பேர் ஒரு காரில் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போய் வருகிறார்கள். போக வர 150 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். பெட்ரோல் 1050, மதியச் சாப்பாடு 1400, டீ, நுங்கு, பார்க்கிங், மற்றது எல்லாம் சேர்த்து 550 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3000, தலைக்கு 600.

பெட்ரோல் போட்டவர் 1050 கொடுத்தார். சாப்பாட்டுக்கு இன்னொருவர் 1400. சில்லறைச் செலவு 550ஐ மூன்றாமவர் பார்த்துக்கொண்டார். மீதி இரண்டு பேர் ஒன்றும் கொடுக்கவில்லை. செலவுக்குச் செலவு தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் நான்கு பேர் அனுப்ப வேண்டும், மொத்தம் பன்னிரண்டு அனுப்புதல். குரூப்பே கடன் பட்டியலாகிவிடும். மொத்தமாக நிகர் பார்த்தால் முதலாமவருக்கு 450 வர வேண்டும், இரண்டாமவருக்கு 800, மூன்றாமவர் 50 தர வேண்டும், மற்ற இருவரும் 600, 600. நான்காமவர் 600ஐ இரண்டாமவருக்கு அனுப்பட்டும். ஐந்தாமவர் முதலாமவருக்கு 450, இரண்டாமவருக்கு 150. மூன்றாமவர் இரண்டாமவருக்கு 50. நான்கு அனுப்புதலில் முடிந்தது. ஸ்ப்ளிட்வைஸ் மாதிரி செலவு பிரிக்கும் ஆப்பில் கடனைச் சுருக்கும் வசதி செய்வதும் இதே வேலைதான். அதன் இலவசப் பதிப்பில் ஒரு நாளைக்குச் சில பதிவுகள்தான் போட முடியும். அதனால் டீயையும் தண்ணீர் பாட்டிலையும் தனித்தனியாக ஏற்றாமல் "சில்லறை 550" என்று ஒரே வரியாகப் போடுங்கள்.

இதைவிட நல்ல வழி, கிளம்பும் முன்பே பொதுக் காசு சேர்ப்பது. வண்டி எடுக்கும்போதே தலைக்கு 600 ஒருவர் கணக்கில் சேர்ந்துவிட்டால், அப்புறம் யாரும் யாரையும் கேட்க வேண்டிய நிலைமையே வராது. மீந்தால் திரும்பி வரும் வழியில் டீ. குறைந்தால் ஆளுக்கு 50 இன்னொரு தடவை. காசு வைத்திருப்பவரின் சொந்தப் பணத்தோடு இது கலக்காமல் இருக்க யுபிஐ லைட்டை (சின்னத் தொகைகளுக்கென்று ஆப்பிலேயே தனியாகப் பணம் ஏற்றிவைக்கும் வசதி) பயன்படுத்தலாம். பணம் வங்கிக் கணக்குக்கு வந்ததும் லைட்டில் ஏற்றிவிடுவது. லைட்டில் அதிகபட்சம் 5000 ரூபாய் வைக்கலாம், ஒரு தடவைக்கு 1000 ரூபாய் வரை பின் (ரகசிய எண்) போடாமல் கொடுக்கலாம். லைட்டில் என்ன மிச்சம் நிற்கிறதோ அதுதான் பொதுக் காசு. மேலே சொன்ன 1050 ரூபாய் பெட்ரோலும் 1400 ரூபாய்ச் சாப்பாட்டு பில்லும் லைட்டில் போகாது. அவற்றை வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்ட வேண்டும் என்பதால், 3000ஐயும் ஏற்றாமல் 550 மட்டும் ஏற்றுங்கள்.

கார்க்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் செலவைப் பங்கு போடும்போது அவரைச் சேர்க்காமல் விடுவதுதான் நியாயம். டயர் தேய்மானமும் சர்வீஸ் செலவும் அவருடையது. கடற்கரை உப்புக் காற்றில் நிறுத்திவைத்த வண்டியைக் கழுவுவதும் அவர்தான். 1050ஐ மற்ற நால்வரும் பங்கு போட்டால் ஆளுக்கு 262 ரூபாய் சொச்சம். அதை 260 என்றோ 270 என்றோ வைத்துவிடுங்கள். சொச்சத்தைக் கேட்டு வாங்கிய பிறகு அந்த இரண்டு ரூபாயைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள்.


சேதுக்கரை

அக்கா, லைட் என்றால் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யுமா? தனுஷ்கோடிப் பக்கம் போனால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.


கணக்குப்பிள்ளை

தம்பி, நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் லைட்டுக்கும் இணையம் வேண்டும். பின் மட்டும்தான் தேவையில்லை. தனுஷ்கோடிக்கு 10, 20, 50 ரூபாய்த் தாள்களாகச் சில நூறு ரூபாய் கையில் எடுத்துப் போவதே வழி. அதையும் பொதுக் காசிலிருந்தே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரொக்கம் கொண்டுவந்த ஒருவர் தலையிலேயே எல்லாச் செலவும் விழும். இன்னொன்று, லைட்டில் கொடுத்த ஒவ்வொரு செலவும் பாஸ்புக்கில் வராது, பணம் ஏற்றியது மட்டும்தான் வரும். செலவு விவரத்தை ஆப்பில்தான் பார்க்க முடியும். போன் மாற்றும் முன் லைட்டை மூடினால் மிச்சம் வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிடும்.

சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, அது நேராகச் சேக்காளித்தனத்தில் கை வைக்கும். அனுப்பியவர் கணக்கில் பணம் கழிந்துவிடும், வாங்குபவருக்கு வராது, ஆப்பில் "நிலுவையில்" என்று நிற்கும். "அனுப்பிட்டேன்" என்கிறார் இவர். "வரலியே" என்கிறார் அவர். இருவர் சொல்வதும் உண்மைதான். இங்கே செய்யும் தவறு, உடனே இன்னொரு தடவை அனுப்புவது. அப்புறம் இரண்டும் போய்ச் சேர்ந்தால் திரும்பக் கேட்பதில் வேறொரு சங்கடம். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பியது சேராவிட்டால் மறுநாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி இழப்பீடு தர வேண்டும். கடைக்குக் கொடுத்தது என்றால் ஐந்து நாள் வரை. அதுவரை பொறுங்கள். அனுப்பியவர் 12 இலக்க யுடிஆர் எண்ணை (பரிவர்த்தனை எண்) அனுப்பட்டும். வாங்குபவர் ஆப் அறிவிப்பை நம்பாமல் வங்கிக் கணக்கு விவரத்தில் அந்த எண்ணைத் தேடட்டும்.

அதோடு, ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் கோரிக்கையை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. மோசடிக்காரர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். இனி சேக்காளியிடம் கேட்பதென்றால், தொகை போட்ட கியூஆரை வாட்ஸாப்பில் அனுப்பலாம், அல்லது நேரில் கேட்கலாம். பணம் வாங்குவதற்கு யாரும் எங்கேயும் பின் போட வேண்டியதில்லை. இதைப் பொதுக் காசு வைத்திருப்பவருக்குக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.


கீழக்கரை கடைவீதி

எங்க ஊர்ப் பக்கம் சகன் சாப்பாடு. ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. யார் எத்தனை துண்டுக் கறி எடுத்தார் என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஓட்டலிலும் ஒரு தட்டாக வாங்கினால் அந்தத் தட்டில் கை வைத்தவர்கள் சமமாகப் போட்டுவிட வேண்டும். தனியாக ஜூஸோ ஐஸ்கிரீமோ வாங்கியவர் அதற்குத் தனியாக. "நான் கொஞ்சம்தான் சாப்பிட்டேன்" என்று பிறகு பேசுவதாக இருந்தால், முதலிலேயே தனித் தட்டு சொல்லிவிடலாம், அதில் ஒரு தப்பும் இல்லை.

சபுராளிகள் (வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள்) விஷயம் பெரிசு. லீவில் வந்த மச்சான்தான் கொடுப்பான் என்று எழுதாத சட்டம் மாதிரி ஆகிவிட்டது. முதல் வாரம் அவனே விரும்பித்தான் கொடுப்பான். நாலாவது வாரம் டிக்கெட் காசும் வீட்டுச் செலவும் நெருக்கும், ஆனால் வாய் திறக்கமாட்டான். ஊரில் இருப்பவர்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும். வந்த அன்றைக்கு ஒரு சாப்பாடு அவன் செலவு, கிளம்பும் முன் ஒரு சாப்பாடு ஊர்க்காரர்கள் செலவு, நடுவில் எல்லாம் பங்கு என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். 2023 முதல் அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் போன்ற நாட்டு எண்களோடு என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்கை (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வங்கிக் கணக்கு) இணைத்து யுபிஐ பயன்படுத்தலாம். ஆக, பங்கு போடுவதற்கு அவனிடம் இந்திய சிம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

அனுப்பும்போது குறிப்பு என்ற இடத்தில் விளையாட்டாக எதையும் எழுதாதீர்கள். அது வங்கி விவரத்தாளில் அப்படியே ஏறக்கூடும். விசாவுக்கும் கடனுக்கும் ஆறு மாத விவரத்தாள் கேட்கும்போது அதைத்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "சாப்பாடு", "பெட்ரோல்" போதும்.


தொண்டிக்காரன்

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதோடு இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவருக்கு அந்த இரண்டு மாதம் பங்கு கிடையாது. நிவாரணம் 8000 ரூபாய் கணக்கில் ஏறும். அது ஏறிய செய்தி பரவியதும் பழைய பாக்கி எல்லாம் நினைவூட்டலாக வரிசையாய் வருவது சரியே இல்லை. அது அந்த வீட்டு அரிசிக்கும் பள்ளிக்கூடம் திறக்கும்போது வாங்கும் நோட்டுக்கும் உள்ள காசு.

செலவு பிரிக்கும் ஆப்பில் நினைவூட்டு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் யார் குரலும் இல்லாமல் ஒரு அறிவிப்பு போய் நிற்கும். நேரில் கேட்டால் "மாப்ள, அந்த 150 இருந்தா போடு, இல்லாட்டி கடலுக்குப் போனப்புறம் பார்த்துக்கலாம்" என்று அதே மூச்சில் அவகாசமும் கொடுத்திருப்போம். பொத்தான் அவகாசம் கொடுக்காது. தடைக்காலம் தொடங்கும் முன்னாலேயே பாக்கியைத் தீர்த்துக்கொள்ளுங்கள், தீராததை ஜூன் 14 தாண்டிப் பேசுங்கள். இடையில் டூர் போட்டால் செலவில்லாத இடமாகப் போடுங்கள். தேவிபட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து பேசுவதற்கு பெட்ரோலைத் தவிரச் செலவு இல்லை. யார் இன்னும் தரவில்லை என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போடுவதை அறவே விட்டுவிடுங்கள். அதற்கப்புறம் அந்த ஆள் காசைக் கொடுப்பார், கூட்டத்துக்குத் திரும்ப வரமாட்டார்.


சேதுக்கரை

ஒருத்தரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. அவரை எப்படிச் சேர்ப்பது?


ஏர்வாடி வாசகி

பட்டன் போனுக்கு யுபிஐ 123பே 2022லேயே வந்துவிட்டது. குரல் வழி எண்ணுக்குப் போன் போட்டு, சொல்வதைக் கேட்டு எண்களை அமுக்கி அனுப்பலாம். *99# போட்டும் அனுப்பலாம். இரண்டுக்கும் வங்கிக் கணக்கில் அந்த எண் பதிவாகியிருக்க வேண்டும். ஆனால் சேக்காளி ரொக்கம் நீட்டினால் அதை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. பொதுக் காசு வைத்திருப்பவர் அந்த ரொக்கத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு அதே தொகையைத் தன் கணக்கிலிருந்து லைட்டில் ஏற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடும். "உனக்கு ஜிபே இல்லையா" என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள்.


தோணித்துறை

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. பொதுக் காசை யாரிடம் வைப்பது? பாதியில் ஒருவர் கிளம்பிவிட்டால்?


கணக்குப்பிள்ளை

கணக்கில் வரும் பணத்தை உடனே வேறு எதுவும் பிடித்துக்கொள்ளாதவரிடம் வையுங்கள். கடன் தவணை தானாகக் கழிகிற கணக்கு, குறைந்தபட்ச இருப்பு இல்லாமல் அபராதம் நிலுவையில் நிற்கும் கணக்கு, இதிலெல்லாம் சேக்காளிகளின் 2400 விழுந்ததும் வங்கி பிடித்துக்கொள்ளும். அது அவர் குற்றமில்லை, ஆனால் சந்தேகம் அவர் மேல்தான் விழும். இதை அவரிடம் தனியாகக் கேளுங்கள், குரூப்பில் வேண்டாம். புதுப் போனில் ஆப் போட்டு ஒரு நாள் ஆகாதவரிடமும் வைக்க வேண்டாம், முதல் 24 மணி நேரத்துக்குப் பெரும்பாலும் 5000 ரூபாய் உச்சவரம்பு இருக்கும்.

பாதியில் கிளம்புகிறவருக்கு, அவர் போகும் நேரம் வரை ஆன செலவை மட்டும் கூட்டி, தலைக்கு எவ்வளவோ அதைக் கழித்து, மிச்சத்தை அவர் வண்டி ஏறும் முன் அனுப்பிவிட வேண்டும். பெட்ரோல் மட்டும் விதிவிலக்கு. அவர் பாம்பனில் இறங்கிக்கொண்டாலும் கார் ஊர் திரும்பத்தான் போகிறது. அதனால் பெட்ரோலில் அவர் பங்கு முழுசாக இருக்கும் என்று காலையில் காசு வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.